பேராசிரியர் பதவியில் ஒரு பயிற்றுவிப்பாளர்

அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டுகளில் புரளும் பணத்தைப் பற்றிய விவாதம் எழும்போதெல்லாம் அமோஸ் அலொன்சோ ஸ்டாக்கின் பெயரை யாராவது ஒருவர் நினைவுபடுத்துவார். பணத்தை நாடாத பழைய தலைமுறையின் அடையாளமாக அவரைக் காட்டுவது வழக்கம். அந்தச் சித்திரத்தில் உண்மை இருக்கிறது என்றாலும், அது பாதி உண்மையே.

1862 ஆம் ஆண்டு நியூஜேர்சியில் பிறந்த ஸ்டாக், யேல் பல்கலைக்கழகத்தில் பேஸ்போல் பந்துவீச்சாளராகப் புகழ்பெற்றார். தொழில்முறைக் கழகங்களின் அழைப்பை நிராகரித்து இறையியல் கற்கச் சென்றவர், மேடைப்பேச்சு தமக்குக் கைவராது என்று உணர்ந்ததும் போதகராகும் எண்ணத்தையும் கைவிட்டார். பின்னர் அவர் பணியாற்றிய ஸ்பிறிங்ஃபீல்ட் வை.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரியிலேயே ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891 டிசம்பரில் கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கினார். 1892 மார்ச்சில் நடைபெற்ற அதன் முதலாவது பகிரங்கப் போட்டியில் மாணவர்களிடம் 5-1 என்று ஆசிரியர்கள் தோற்றனர். அந்த ஒரு புள்ளி ஸ்டாக் பெற்றது.

அதே வருடம் றொக்பெல்லரின் நன்கொடையில் சிக்காகோ பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது. அதன் முதல் தலைவரான வில்லியம் ஹார்ப்பர் யேலில் ஸ்டாக்கின் ஆசிரியராக இருந்தவர். பழைய மாணவர்கள் சில வாரங்கள் வந்து அணியைப் பழக்கிவிட்டுப் போவதே அன்று பல கல்லூரிகளின் நடைமுறை. ஹார்ப்பரோ ஸ்டாக்கை உடற்கல்வித் துறையின் தலைவராகவும், நிரந்தரப் பதவியுடைய இணைப்பேராசிரியராகவும் நியமித்தார். உதைபந்தாட்டத்துடன் பேஸ்போலையும் மெய்வல்லுநர் போட்டிகளையும் அவரே பயிற்றுவித்தார். ஒரு பருவகாலம் கூடைப்பந்தாட்ட அணியையும் பொறுப்பேற்றார். (உதைபந்தாட்டம் என்று இங்கு குறிப்பிடுவது, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி மோதி விளையாடும் அமெரிக்க ஆட்டத்தையே. நாம் அறிந்த ஆட்டத்துடன் அதற்குப் பெயரைத் தவிர ஒற்றுமை குறைவு.)

ஹார்ப்பரின் நோக்கம் மதிக்கத்தக்கது. பயிற்றுவிப்பாளர் ஓர் ஆசிரியர். வெற்றி தோல்வியைக் கொண்டு அவரது வேலையை அளவிடக் கூடாது என்பதே அதன் பொருள். ஆனால், புதிய பல்கலைக்கழகத்தின் பெயரை நாடெங்கும் பரப்ப வெற்றிபெறும் அணியும் அவருக்குத் தேவைப்பட்டது. இரண்டையும் ஒரே மனிதரிடம் எதிர்பார்த்ததில்தான் கோளாறு தொடங்கியது என்று நான் கருதுகிறேன். 1905 இல், தொடர்ந்து 56 ஆட்டங்களில் தோல்வியே காணாத மிச்சிகன் அணியை சிக்காகோ 2-0 என்று வீழ்த்தியது. அந்த அணியின் நட்சத்திரமான வோல்டர் எக்கர்சோல் பட்டம் பெறாமலேயே பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறினார். மத்திய மேற்குப் பல்கலைக்கழகங்கள் வெற்றியை விலைக்கு வாங்குவதாக 'கொலியர்ஸ்' சஞ்சிகை அதே ஆண்டு அம்பலப்படுத்தியபோது சிக்காகோவும் அதில் தப்பவில்லை. மது, புகை, கெட்ட வார்த்தை எதையும் சகிக்காத ஸ்டாக்கின் தனிப்பட்ட ஒழுக்கத்தை எவரும் ஐயுறவில்லை. அந்த ஒழுக்கமே அவரது துறையை எவரும் கேள்விகேட்க முடியாத ஒரு தனி இராச்சியமாக்கியது.

பின்னாளில் தலைவராக வந்த றொபேர்ட் ஹட்சின்ஸுக்கு விளையாட்டில் பற்று இல்லை. 1932 பருவகாலத்துடன், 70 வயதைக் காரணங்காட்டி ஸ்டாக் ஓய்வுபெற வைக்கப்பட்டார். வேறு பொறுப்பொன்று தருவதாகக் கூறியதை ஏற்காமல் அவர் கலிபோர்னியாவின் பசிபிக் கல்லூரிக்குச் சென்றார். 1938 இல் அச்சிறு கல்லூரியின் அணியுடன் அவர் சிக்காகோவுக்குத் திரும்பிவந்து, தமது பெயரையே தாங்கிய மைதானத்தில் 32-0 என்று வென்றார். மறுவருடம் மிச்சிகனிடம் 85-0 என்று தோற்ற பின்னர் ஹட்சின்ஸ் உதைபந்தாட்டத்தையே நிறுத்திவிட்டார். வெறிச்சோடிய அந்த மைதானத்தின் மேற்குப் பார்வையாளர் அரங்குக்குக் கீழேதான் 1942 டிசம்பர் 2 ஆம் திகதி என்றிக்கோ பெர்மியின் குழுவினர் கட்டுப்படுத்தப்பட்ட அணுச் சங்கிலித் தாக்கத்தை முதன்முதலாக நிகழ்த்தினர்.

ஹட்சின்ஸ் பல்கலைக்கழகத்தைக் காப்பாற்றினார் என்று கல்வியாளர்கள் புகழ்வது நியாயமே. எனினும், ஸ்டாக்கின் விடயத்தில் அவர் தவறான பொருளை எறிந்துவிட்டார் என்பது எனது அபிப்பிராயம். அகற்றப்பட்டிருக்க வேண்டியது நுழைவுச்சீட்டு வருமானத்தின் மீதான மோகம். பயிற்றுவிப்பாளரை ஆசிரியராக்கிய ஏற்பாடு அல்ல. ஏனைய பல்கலைக்கழகங்களில் நேர்ந்ததும் அதுவே. அரங்குகள் பெருத்தன, ஆசிரியர் பதவி தேய்ந்தது. 2023 இல் டெக்சாஸ் ஏ அன்ட் எம் பல்கலைக்கழகம் தனது உதைபந்தாட்டப் பயிற்றுவிப்பாளரை ஒப்பந்தக் காலத்தின் நடுவே பதவிநீக்கியபோது, அவருக்குச் செலுத்த உடன்பட வேண்டியிருந்த தொகை 7 கோடி 50 இலட்சம் டொலர்களுக்கும் அதிகமாகும்.

ஸ்டாக் பசிபிக் கல்லூரியில் 84 வயது வரை தலைமைப் பயிற்றுவிப்பாளராக இருந்தார். பிறகு பென்சில்வேனியாவின் சஸ்குவெஹானா பல்கலைக்கழகத்துக்குச் சென்று, அங்கு பயிற்றுவிப்பாளராக இருந்த தமது மகனுடன் சேர்ந்து பணியாற்றினார். 1965 இல் அவர் காலமானபோது வயது 102.