ஆயிரம் அடியில் அமுதம் இல்லை

திருச்செங்கோட்டுப் போர்வெல் ரிக் வண்டி போகாத மாநிலம் குறைவு. வண்டியோடு கூடவே ஒரு பேச்சும் போகிறது: “மேல்தண்ணிதாங்க கெட்டுப்போச்சு. ஆயிரம் அடி போட்டா பாறைத் தண்ணி, சுத்தமா இருக்கும்.” சாக்கடையும் சாயக்கழிவும் கலந்து ஓடும் திருமணிமுத்தாற்றைப் பார்த்தவர்களுக்கு இது இனிக்கத்தான் செய்யும். கிருமி விஷயத்தில் அது பாதி உண்மையும்கூட. மீதிப் பாதிதான் பிள்ளைகளின் பல்லில் காவியாகப் படிகிறது.

நம் காலடியில் இருப்பது சார்னோகைட்டும் நைஸும். அந்தப் பாறைகளின் பயோட்டைட், அபடைட் போன்ற கனிமங்களில், அளவு மீறினால் பல்லைக் காவியாக்கி எலும்பையும் முடக்கும் ஃபுளோரைடு உண்டு. வெடிப்புகளில் தண்ணீர் நாள்பட்டுத் தேங்கத் தேங்க அது கரைந்து சேரும்; ஆழத்துத் தண்ணீர்தான் பெரும்பாலும் அப்படித் தேங்கியது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியத் தரநிலை. நாக்குக்கு அது தெரியாது. காய்ச்சினாலும் போகாது, வற்ற வற்ற அடர்த்திதான் ஏறும். இதில் இன்னொரு வம்பு: கால்சியம் குறைந்த நீரில்தான் ஃபுளோரைடு அதிகம் தங்கும். அந்த நீரில் சோப்பு நன்றாக நுரைக்கும், பருப்பு சீக்கிரம் வேகும். ‘நல்ல தண்ணி’ என்று பேர் வாங்க வேறென்ன வேண்டும்?

இது புதுச் சேதியும் அல்ல. 1937இலேயே கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டின் ஷார்ட் குழுவினர், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் எலும்பு முடங்கிய நோயாளிகளையும் அவர்கள் குடித்த தண்ணீரையும் சேர்த்தே ஆராய்ந்து எழுதினார்கள்.

வங்கதேசத்தில் கதை தலைகீழ். ஆர்சனிக் இருந்தது ஆழமில்லாத குழாய்க் கிணறுகளில். ஆழமானவை பெரும்பாலும் தப்பின. ஆக, அடிக்கணக்கு எதற்கும் சாட்சியில்லை. அங்கே கிணறு கிணறாகச் சோதித்து, கெட்டதற்குச் சிவப்பும் நல்லதற்குப் பச்சையும் அடித்தார்கள். எழுத்தறியாதவருக்கும் ஆய்வு முடிவு புரிந்தது.

இங்கே? திருமணிமுத்தாற்று வடிநிலத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மழைக்கு முன்னும் பின்னும் நீர் எடுத்துச் சோதித்தார்கள். முடிவு 2010இல் ஆங்கில ஆய்விதழில் வந்தது. ஊராட்சி அலுவலகச் சுவரில் தமிழில் வந்திருக்க வேண்டியது அது.

நாமும் யோக்கியமில்லை. நீரோட்டம் பார்ப்பவர் கையில் தேங்காய் நிமிர்ந்த இடத்தில், அடிக்கு இவ்வளவு என்று பேசி, லட்சங்களைப் பூமிக்குள் இறக்குகிறோம். ஒரு பாட்டில் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோகச் சொன்னால் மட்டும், “எதுக்குங்க வீண் செலவு?”

பக்கத்துத் தோட்டத்துப் போரின் முடிவு நம் போருக்குப் பொருந்தாது; ஊரே சேர்ந்து சோதித்தால்தான் முழுப் படம் கிடைக்கும். ஊருக்கு ஐந்து பெண்களுக்கு நீர்ப் பரிசோதனைப் பயிற்சி தரச் சொல்கிறது ஜல் ஜீவன் திட்டம். பரிசோதனைப் பெட்டியோடு இரண்டு டப்பா பெயின்ட்டும் அவர்கள் கையில் கொடுங்கள். தலைவர் வீட்டுப் போரிலிருந்து தொடங்கட்டும்.