கதிரையைப் பிடித்துச் செய்யும் பயிற்சி: கிழமைக்கு எத்தனை நாள்?



கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். முடிந்தால் வீட்டிலுள்ள பெண்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

போன வருடம் பாடசாலை விடுமுறையில் ஆசிரியைகள் ஏழு பேர் சேர்ந்து ஒரு வேலை தொடங்கினோம். எங்களில் மூவருக்கு ஏற்கனவே சீனி வருத்தம். இருவருக்குப் பிரஷர். மற்ற இருவரும் உம்மாமாரின் கிளினிக் கொப்பியைப் பார்த்தே பயந்தவர்கள். ஒருவரின் வீட்டில் பெரிய அறை. அஸருக்குப் பிறகு கதவைச் சாத்திவிட்டு, யூடியூப்பைப் போட்டு, ஆளுக்கொரு கதிரையைப் பிடித்துக்கொண்டு பயிற்சி செய்தோம். அதற்கு 'பார்' என்று பெயர். பாலே நடனக்காரர்கள் சுவரோரம் பிடித்துக்கொண்டு பழகும் கட்டையின் பெயர்தான் அது. ஜெர்மனியில் பிறந்து, நாஜிகளின் காலத்தில் இங்கிலாந்துக்கு வந்த லொட்டே பெர்க் என்ற நடனக்காரப் பெண் 1959இல் லண்டனில் தொடக்கி வைத்தது. முதுகில் காயம்பட்ட பிறகு, நடனப் பயிற்சியையும் உடலைத் தேற்றும் பயிற்சியையும் அவர் ஒன்றாகச் சேர்த்தார்.

எங்களுக்கு அது பிடித்துப்போனதற்குக் காரணம் இலேசானது. துள்ள வேண்டியதில்லை, ஓட வேண்டியதில்லை, இசையும் கட்டாயமில்லை. பாய் ஒன்றும் கதிரை ஒன்றும் போதும். குதிகாலை உயர்த்துவது, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி அப்படியே நிற்பது, காலைப் பின்னால் தூக்கிச் சின்னச் சின்னதாக அசைப்பது. பார்க்க ஒன்றுமில்லாதது போல இருக்கும். இரண்டு நிமிடத்தில் தொடை நடுங்கத் தொடங்கும்.

பிழை எங்கே நடந்தது என்றால், நாங்கள் 'முப்பது நாள் சவால்' ஒன்றைப் பிடித்துக்கொண்டோம். ஒரு நாளும் விடக்கூடாது, விட்டால் முதலாம் நாளில் இருந்து தொடங்க வேண்டும். நாள் முழுக்க வகுப்பில் நின்று கற்பித்து, வீட்டுக்கு வந்து சமைத்து, அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அதே தொடை, அதே கெண்டைக்கால். பன்னிரண்டாம் நாள் எங்களில் ஒருவரின் முழங்கால் வீங்கிவிட்டது. ஸுஜூதுக்குப் போக முடியவில்லை. முப்பத்தைந்து வயதில் கதிரையில் இருந்து தொழுதார். அவர் அழுதது நோவுக்காக அல்ல, அதற்காகத்தான்.

அதோடு ஏழு பேரும் நிறுத்திவிட்டோம். ஊரில் கதையும் கிளம்பியது. "பொம்பளையளுக்கு என்னத்துக்கு இந்த வேலையெல்லாம், அப்பவே சொன்னதுதானே" என்றார்கள். ஒருவரின் கால் வீங்கியதில் ஏழு பேரின் கதவும் மூடப்பட்டது. நாலு மாதம் கழித்து இரத்தப் பரிசோதனை செய்தபோது மூவருக்கும் சீனி பழையபடி ஏறியிருந்தது.

பிறகு அந்த ஆசிரியையைப் பார்த்த டொக்டர் கேட்டது ஒரே கேள்வி: "ஓய்வு நாள் எது?" எங்களிடம் பதில் இருக்கவில்லை.

அவர் விளங்கப்படுத்தியதை நாங்கள் விளங்கிக்கொண்ட விதத்தில் எழுதுகிறோம். தசை பலமாவது பயிற்சி செய்யும் நேரத்தில் அல்ல. பயிற்சியில் தசை நார்கள் களைக்கின்றன, சின்னச் சின்ன சேதமும் வருகிறது. அடுத்த ஒன்றிரண்டு நாளில், நித்திரையிலும் நல்ல சாப்பாட்டிலும், உடல் அதைச் சரிசெய்து முன்னையதை விடப் பலமாக்குகிறது. புதிதாகத் தொடங்கியவருக்கு உளைவு மறுநாளோ அதற்கு அடுத்த நாளோதான் கூட இருக்கும். அந்த நேரத்தில் அதே தசையை மீண்டும் வதைத்தால், திருத்த வேலை முடியுமுன் சுவரை இடித்தது போலத்தான். களைத்த தசை மூட்டைத் தாங்காது. சுமை முழங்காலுக்குப் போகும்.

வகுப்பறையில் இருக்கும் எங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். எட்டுப் பாடவேளையும் கணிதமே வைத்து எந்தப் பாடசாலையும் நேரசூசி போடுவதில்லை. இடைவேளை மணி அடிக்காவிட்டால் கற்பித்ததும் ஏறாது. அப்படியிருந்தும் இல்ல விளையாட்டுப் போட்டி வந்தால் நாங்களே என்ன செய்கிறோம்? வருடம் முழுக்க ஓடாத பிள்ளையை இரண்டு கிழமை விடாமல் வெயிலில் ஓடவிடுகிறோம். போட்டி நாளில் பிள்ளை நொண்டுகிறது. பிள்ளைகளுக்குச் செய்த பிழையைத்தான் எங்களுக்கும் செய்துகொண்டோம்.

அப்படியென்றால் எத்தனை நாள்? புதிதாகத் தொடங்குபவருக்குக் கிழமைக்கு இரண்டு நாள். உடல் பழகிய பிறகு மூன்று நாள். இடையில் ஒரு நாளாவது விட வேண்டும். பல மாதம் பழகியவர்கள் நாலு நாள் செய்யலாம், ஆனாலும் தொடர்ந்து இரண்டு நாள் ஒரே தசைக்கு வேலை கொடுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலும் பெரியவர்களுக்குச் சொல்வது இதற்குப் பொருந்திப் போகிறது: தசைக்கான பயிற்சி கிழமைக்கு இரண்டு நாளாவது, அதோடு வேகநடை போன்றவை 150 முதல் 300 நிமிடம். பார் பயிற்சி மட்டும் செய்தால் இருதயத்துக்கும் சீனிக்கும் தேவையான நடை கிடைக்காது. ஆகவே விட்ட நாளில் நடக்கலாம்.

இப்போது எங்கள் நேரசூசி இதுதான்:

திங்கள், புதன், சனி – பார் பயிற்சி, 30 நிமிடம்.
செவ்வாய், வியாழன், ஞாயிறு – நடை. 30 நிமிடத்தில் தொடங்கி 50 நிமிடம் வரை கூட்டினோம்.
வெள்ளி – முழு ஓய்வு.

நேரசூசியைத் தாண்டியும் ஓய்வு எடுக்க வேண்டிய நேரம் உண்டு. தசையில் பரவலாக இருக்கும் உளைவு பயப்படும்படியானதல்ல, இரண்டு மூன்று நாளில் குறையும். மூட்டுக்குள் குத்துவது, ஒரு பக்கம் மட்டும் நோவது, வீக்கம், இராவில் நித்திரையைக் குழப்பும் நோவு, இவை வந்தால் நிறுத்திவிட்டு டொக்டரிடம் காட்ட வேண்டும். நெஞ்சு நோவு, மூச்சுத் திணறல், தலைச்சுற்று என்றால் அந்த நிமிடமே நிறுத்த வேண்டும், தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காய்ச்சல் நாளிலும், நித்திரை இல்லாத இரவுக்கு அடுத்த நாளிலும் விட்டுவிடுங்கள். காரணமில்லாமல் எரிச்சல், பசியின்மை, படுத்தும் நித்திரை வராமை என்று தொடர்ந்தால், உடல் ஓய்வு கேட்கிறது என்று அர்த்தம். சீனிக்கு இன்சுலினோ குளிசையோ எடுப்பவர்கள் முதலில் டொக்டரிடம் கேளுங்கள். பயிற்சியில் சீனி சட்டென்று இறங்கலாம். வயிற்றில் பிள்ளை இருப்பவர்கள் குடும்ப நல மாதுவிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம். நோன்பு காலத்தில் நாங்கள் இரண்டு நாளாகக் குறைத்து, தராவீஹுக்குப் பிறகு இருபது நிமிடம் மட்டும் செய்தோம்.

ஒன்று மட்டும் மனதில் உறைத்தது. அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரழி) அவர்கள் பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை என்று இருந்தபோது, உடலுக்கும் கண்ணுக்கும் குடும்பத்துக்கும் உரிமை உண்டென்று நபி (ஸல்) அவர்கள் திருத்தினார்கள். இபாதத்திலேயே அளவும் ஓய்வும் வேண்டுமென்றால், யூடியூப் சவாலுக்கு எங்கிருந்து விதிவிலக்கு வந்தது? குறைவாக இருந்தாலும் விடாமல் செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு விருப்பமானது என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். பன்னிரண்டு நாள் வேகம் எங்களை நாலு மாதம் படுக்க வைத்தது. கிழமைக்கு மூன்று நாள் என்று தொடங்கி இப்போது ஏழாவது மாதம், அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் இந்தப் பதிவை எழுதத் தூண்டியது நேரசூசி அல்ல. ஓய்வு நாள் என்று எழுதினோமே, அந்த வெள்ளிக்கிழமை எங்களுக்கு உண்மையில் என்ன நாள்? பாடசாலை நேரத்தோடு விடும். வந்தால் ஒரு கிழமை உடுப்பு, வீடு கழுவல், விருந்தாட்கள், பகல் சமையல். திங்கட்கிழமை பயிற்சி செய்ததை விட அன்றுதான் கால் கூட உளைகிறது. பயிற்சிக்கு வீட்டில் அனுமதி வாங்கிவிட்டோம். ஓய்வுக்கு இன்னும் கிடைக்கவில்லை. உம்மா காலத்துப் பெண்கள் பயிற்சி செய்தார்களா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நெல் குற்றினார்கள், கிணற்றில் தண்ணீர் அள்ளினார்கள், உண்மை. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் பாயைப் போட்டு, பக்கத்து வீட்டு ராத்தாவோடு கதைத்துக்கொண்டே சாய்ந்தும் கொண்டார்கள். எங்களுக்கு வேலை மிஞ்சியது, திண்ணை போய்விட்டது.

ஆகவே ஊராரிடம் இரண்டு கேட்கிறோம்.

ஒன்று, வீட்டு ஆண்களிடம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்த பிறகு ஒரு மணித்தியாலம் பிள்ளைகளையும் குசினியையும் நீங்கள் பாருங்கள். வீட்டு வேலையில் குடும்பத்துக்கு உதவியது நபி (ஸல்) அவர்களின் பழக்கம். உங்கள் மனைவி, ராத்தா, உம்மா ஒரு மணித்தியாலம் காலை நீட்டிப் படுக்கட்டும்.

இரண்டாவது, பாடசாலை அபிவிருத்திக் குழுவிலும் பள்ளிவாசல் நிர்வாகத்திலும் இருப்பவர்களிடம். ஆண்களுக்கு மைதானம் இருக்கிறது, கடற்கரை இருக்கிறது, ஜிம்மும் இருக்கிறது. பின்னேரத்தில் பூட்டிக் கிடக்கும் ஒரு மண்டபத்தைக் கிழமைக்கு மூன்று நாள், அஸருக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் பெண்களுக்குத் திறந்து தாருங்கள். திரையும் மின்விசிறியும் போதும். கதிரையை நாங்களே கொண்டு வருவோம்.

முழங்கால் வீங்கிய ஆசிரியை இப்போது எங்களோடு திரும்பச் சேர்ந்துவிட்டார். முதல் மாதம் நடை மட்டும், பிறகு கிழமைக்கு இரண்டு நாள் பயிற்சி. போன ரமழானில் தராவீஹில் எங்கள் பக்கத்தில் நின்றார். ஸுஜூதில் அவருடைய நெற்றி நிலத்தைத் தொட்டதை நாங்கள் பார்த்தோம்.

அல்லாஹ் எங்கள் எல்லோருக்கும் ஆரோக்கியத்தையும் அதைப் பேணும் அறிவையும் தருவானாக. ஆமீன்.