பேயின் முறையீடு

பேய் என்னும் சொல்லைக் கேட்ட அளவிலே கற்றவர் நகைப்பர், கல்லாதவர் அஞ்சுவர். நகைப்போரும் அஞ்சுவோரும் ஒரு வகையில் ஒப்பாவர். என்னை? பேய் யாது சொல்ல வந்தது என்று இருவருமே கேட்பதில்லை. பேய்க்கதைகளும் பேய்ப்படங்களும் வீண் பொழுதுபோக்கென்றும், இளைஞர் உள்ளத்தைக் கெடுப்பனவென்றும், அறிவுக்கு மாறானவையென்றும் பெரியோர் பலர் அவற்றைத் தள்ளிவிடுகின்றனர். அவர் கூற்றிற் பெரும்பகுதி உண்மையே. திடீரெனத் தோன்றும் ஓர் உருவமும் செவியைப் பிளக்கும் ஓர் ஓசையுமன்றி வேறொன்றும் இல்லாத படங்கள் எத்தனையோ உள. அவற்றிற்காக வழக்காட நாம் முன்வரவில்லை. ஆயினும் எல்லாவற்றையும் ஒரே தராசில் இட்டு நிறுத்தல் நேர்மையாகாது. கொரிய நாட்டில் 2003-ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு படத்தைத் துணையாகக் கொண்டு, நல்ல பேய்க்கதை என்பது கேட்பாரற்றுக் கிடக்கும் ஒரு முறையீட்டின் கதையே என்னும் நம் கருத்தை ஈண்டு எடுத்துரைப்போம்.

அப்படத்தின் பெயர் 'ஜாங்ஹ்வா, ஹோங்ரியோன்'. அதனை எழுதி இயக்கியவர் கிம் ஜீ-உன் என்பார். பிறநாட்டார் அதனை 'இரு சகோதரிகளின் கதை' என்னும் பொருள்பட வழங்குவர். ஜாங்ஹ்வா என்பது ரோஜா மலர். ஹோங்ரியோன் என்பது செந்தாமரை. இவை கொரியர் நெடுங்காலமாகச் சொல்லிவரும் பழங்கதை ஒன்றிலுள்ள இரு பெண்மக்களின் பெயர்கள். ஹ்யோஜோங் என்னும் அரசர் ஆண்ட காலத்தில், அஃதாவது 1649-க்கும் 1659-க்கும் இடையில், சொல்சான் என்னும் ஊரில் நடந்த ஒரு வழக்கே அக்கதைக்கு வேர் என்பர். அவ்வூர் இன்று வட கொரியாவில் உள்ளது. கொரியாவில் சினிமா தளிர்விட்ட பொழுதே, 1924-இல், இக்கதை மௌனப் படமாயிற்று. 1936-இல் பேசும் படமாயிற்று. அதன் பின்னரும் பன்முறை படமாக்கப்பட்டது. ஒரு நாட்டார் ஒரு கதையை இத்தனை முறை திரும்பத் திரும்பச் சொல்வாராயின், அக்கதையில் அவர்க்கு இன்னும் தீராதது ஏதோ ஒன்று இருத்தல் வேண்டும்.

பழங்கதை வருமாறு. ஊர்ப் பெரியவர் ஒருவர்க்கு இரு பெண்கள். தாய் இறந்தபின் அவர் ஆண்மகவு விரும்பி மறுமணம் செய்தார். புதியவளுக்கு ஆண்மக்கள் பிறந்தனர். மூத்த பெண் ஜாங்ஹ்வா மணப்பருவம் எய்தியபோது, சீர்வரிசையாற் செல்வம் குறையுமே என்று பொறாத சிற்றன்னை, ஓர் எலியைக் கொன்று தோலுரித்து, உறங்கும் பெண்ணின் படுக்கையில் இட்டு, 'இவள் மணமாகாமலே கருவுற்றுக் கருவைச் சிதைத்தாள்' என்று பழி தூற்றினாள். தந்தை நம்பினார். சிற்றன்னையின் மகன் இரவில் அப்பெண்ணை ஒரு குளத்திற்குக் கொண்டுபோய் நீரில் மாளச் செய்தான். தமக்கை பட்ட பாட்டை அறிந்த ஹோங்ரியோனும் அக்குளத்திலேயே வீழ்ந்து உயிர்விட்டாள். அதன்பின் அவ்வூருக்கு அதிகாரியாய் வந்தோர் ஒருவர்பின் ஒருவராய் இரவில் மாண்டனர். இறுதியில் நெஞ்சுரமுள்ள ஒருவர் வந்தார். இரு பெண்களின் ஆவியும் அவர்முன் தோன்றின. அவர் அஞ்சாது, அவர்தம் குறை யாதென வினவினார். அவரும் நடந்ததைச் சொல்லினர். விசாரணையில் சிற்றன்னை தான் பாதுகாத்து வைத்திருந்த பிண்டத்தைச் சான்றாகக் காட்டினாள். பெண்கள் சொல்லியவாறே அதன் வயிற்றைக் கீறிப் பார்த்தபோது எலிப்புழுக்கை வெளிப்பட்டது. சிற்றன்னையும் அவள் மகனும் மரணதண்டனை எய்தினர், தந்தை விடுவிக்கப்பட்டார்.

இக்கதையில் நாம் நன்கு நோக்கவேண்டிய தொன்றுண்டு. முன்வந்த அதிகாரிகளைப் பேய்கள் கொல்லவில்லை. அவை மனுக்கொண்டு வந்தன. மனுவை வாங்க வேண்டியவர் அஞ்சியே இறந்தார். அச்சம் பேயிடத்தில் இருந்ததன்று. கேட்கமாட்டாத உள்ளத்தில் இருந்தது. பின்வந்த அதிகாரியிடம் மந்திரமும் இல்லை, தந்திரமும் இல்லை. இருந்து கேட்டார், கேட்டதை ஆராய்ந்தார், அவ்வளவே. கேட்ட அன்றே பேய்கள் அமைதியுற்றன.

நிற்க. இனிப் புதிய படத்தைக் காண்போம். கதையின் முடிவை வெளியிடுதல் முறையோ எனச் சிலர் வினவலாம். படம் வெளிவந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. முடிவைச் சொல்லாமல் அதன் கருத்தைச் சொல்லவும் இயலாது. ஆதலின் பொறுத்தருள்க.

படத்தின் தொடக்கத்தில் நாம் காண்பது அதிகாரியை அன்று. ஒரு மனநோய் மருத்துவரை. அவர் எதிரே தலைகவிழ்ந்து ஓர் இளம்பெண் இருக்கிறாள். குடும்பப் புகைப்படம் ஒன்றைக் காட்டி, அந்நாளில் நடந்ததென்ன என்று மருத்துவர் கேட்கிறார். அவள் வாய் திறக்கவில்லை. பழங்கதையில் பேசத் துடித்தவர் இறந்தோர். கேட்க அஞ்சியவர் அதிகாரி. இங்கோ கேட்பவர் கேட்கிறார். பேசவேண்டியவளுக்கு நினைவே புதைந்து கிடக்கிறது. முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு அணித்தான இடைவெளியில் இக்கதை அடைந்த பெருமாற்றம் இதுவேயாம்.

அப்பெண்ணின் பெயர் சுமி. அவள் தங்கை சுயோனோடு நாட்டுப்புறத்திலுள்ள தன் வீட்டிற்குத் திரும்புகிறாள். பூங்கொடிகள் நெருங்கப் பின்னிய சுவர்த்தாள் ஒட்டிய அறைகள், இருண்ட நடைகள், அருகே ஒரு நீர்நிலை. சிற்றன்னை உன்ஜூ இருவரையும் கடிந்து வருத்துகிறாள். இளையவளைத் துணியலமாரிக்குள் பூட்டி வைக்கிறாள். தந்தையோ யாவற்றையும் கண்டும் வாளா இருக்கிறார், மாத்திரைகளைக் கொடுக்கிறார், வேறொன்றும் செய்யாதவர்போல் தோன்றுகிறார். 'இவர் என்ன தந்தை!' என்று நாம் சினங்கொள்ளும் வேளையில் உண்மை வெளிப்படுகிறது. தங்கை முன்னரே இறந்துவிட்டாள். அவ்வீட்டில் இருந்தவர் தந்தையும் சுமியும் மட்டுமே. தங்கையாய்ப் பேசியதும் சுமியின் உள்ளமே. சிற்றன்னையாய் நின்று தங்கையை வருத்தியதும் சுமியே.

நடந்தது இது. நோயுற்றிருந்த தாயைப் பேண வந்த செவிலியே உன்ஜூ. தந்தையின் மனம் அவள்பாற் சென்றதைத் தாய் அறிந்தாள். மகளின் அறையிலுள்ள துணியலமாரியில் தூக்கிட்டு இறந்தாள். அதனைக் கண்ட சுயோன் தாயை வெளியே இழுக்க முயன்றாள். அலமாரி சாய்ந்து அவள்மேல் வீழ்ந்து நசுக்கிற்று. ஓசை கேட்டு உன்ஜூ மேல்மாடிக்கு வந்து பார்த்தாள், அறையைவிட்டு நீங்கினாள், பின் மனம் பொறாது திரும்பினாள். அவ்வமயம் சுமி எதிர்ப்பட்டாள். ஓசை ஏதும் கேட்டதோ என்று உன்ஜூ வினவ, சுமி வெறுப்பு மிகுந்து வன்சொல் மொழிந்தாள். 'இந்தக் கணத்தை நினைந்து நீ வருந்தும் நாள் வரலாம்' என்னும் கருத்துப்பட உன்ஜூ மறுமொழி கூறினாள். அவளைவிட்டு எவ்வளவு தொலைவு போகலாமோ அவ்வளவே போதும் என்று சுமி வீட்டைவிட்டு வெளியேறி வெளியில் நடந்தாள். மேலறையில் தங்கை மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள்.

இப்படத்திற் கொலைகாரர் ஒருவரும் இலர் என்பதை அன்பர்கள் நோக்குக. அமெரிக்கர் இதனைத் தழுவி 2009-இல் எடுத்த படத்தில் கொலையும் குருதியும் உண்டு. அதனாலேயே அது சிறுத்துப்போயிற்று என்பது நம் எண்ணம். கொலை செய்தவரைத் தண்டித்துவிடலாம். ஒரு கணம் தயங்கினவளை எந்த நீதிமன்றம் தண்டிக்கும்? சினத்தால் முகந்திருப்பி நடந்த ஒரு சிறு பெண்ணின்மேல் எந்தச் சட்டம் குற்றஞ் சாட்டும்? அவளுக்கு உண்மை தெரியாது, தெரிந்திருந்தால் ஓடியிருப்பாள். ஆயினும் அறிந்தபின் அக்கணத்தை அவளாற் சுமக்க முடியவில்லை. சுமக்க முடியாததைப் புதைத்தாள். புதைத்த இடத்திலிருந்து அது எழுந்து, தங்கையின் உருக்கொண்டு அருகிருந்தது. சிற்றன்னையின் உருக்கொண்டு அவளையே அடித்தது. யாரை வெறுத்தாளோ அவளாகவே தான் மாறிவிட்டாள் என்பதிலும் கொடிய தண்டனை வேறென்ன உண்டு?

'அங்ஙனமாயின் இது மனநோயின் கதையே, பேய் எங்கே?' என்று கேட்பாருளர். இவ்விடத்தேதான் இயக்குநரின் நுண்ணறிவு விளங்குகிறது. விருந்துண்ண வந்த உன்ஜூவின் தம்பி மனைவி, பாத்திரம் கழுவும் தொட்டியின் அடியில் ஒரு பெண்ணுருவைக் கண்டு நடுங்குகிறாள். அவள் மனநோயுற்றவளல்லள். இறுதியில் சுமி மருத்துவச்சாலைக்குத் திரும்பியபின், அவ்வீட்டில் உன்ஜூ தனித்திருக்கும் இரவில், அதே அலமாரியிலிருந்து பேய் வெளிப்படுகிறது. ஆகவே நோயாளியின் மயக்கம் என்று முழுவதையும் ஒதுக்கிவிட இயக்குநர் இடந்தரவில்லை. சுமியின் நினைவு திரும்பினால் அவளளவில் வழக்கு முடியலாம். இறந்தவளின் வழக்கு முடியுமோ? அவளுக்கும் ஒரு முறையீடு உண்டன்றோ? இப்படத்தில் அதனைக் கேட்கும் அதிகாரி வரவேயில்லை.

குறையும் கூறாதுவிடின் நாம் நடுநிலை தவறியவராவோம். ஒருமுறை பார்ப்பவர்க்குக் கதை எளிதில் விளங்குவதில்லை. அச்சுறுத்தற்பொருட்டே நுழைத்த காட்சிகளும் சில உண்டு. ஆயினும் பழங்கதை செய்த ஓர் அநீதியை இப்படம் நேராக்குகிறது. பழங்கதை எல்லாப் பழியையும் மாற்றாந்தாய்மேற் சுமத்தித் தந்தையை விடுவித்தது. மாற்றாந்தாயர் யாவரும் கொடியர் என்னும் பொய் இத்தகைய கதைகளாற் பல நாடுகளிலும் வேரூன்றியதை நாம் அறிவோம். இப்படமோ, கொடியவளாக நாம் கண்ட சிற்றன்னை பெரும்பாலும் ஒரு சிறுமியின் வெறுப்பு வரைந்த ஓவியமே எனக் காட்டுகிறது. தந்தையின் மௌனத்தையோ இறுதிவரை நம் கண்முன் நிறுத்துகிறது.

ஒரு வீட்டில் நிகழ்வது ஒரு நாட்டிலும் நிகழும். இப்படம் வெளிவந்த அதே 2003-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள், தென் கொரியாவின் அக்காலக் குடியரசுத் தலைவர் ரோ மூ-ஹ்யுன், ஜேஜுத் தீவின் மக்களிடம் அரசின் சார்பாக மன்னிப்புக் கோரினார். படம் ஜேஜுவைப் பற்றியதன்று. இரண்டையும் ஓராண்டு இணைத்ததும் தற்செயலே. ஆயினும் ஒன்றை மற்றொன்று விளக்குகிறது. 1948 ஏப்ரல் 3-ஆம் நாள் அத்தீவில் கலகம் மூண்டது. 1954 வரை நீடித்த அழிவில் 25,000 முதல் 30,000 பேர்வரை மாண்டனர் என மதிப்பிடுவர். அஃது அத்தீவின் மக்களில் ஏறக்குறையப் பத்திலொரு பங்கு. பெரும்பாலோரைக் கொன்றவர் அரசின் படையினரும் போலீஸாரும் அவரைச் சார்ந்தோருமே. அதன்பின் பல்லாண்டுகளாக அதைப்பற்றி வாய்திறத்தலே குற்றமாயிற்று. ஹ்யோன் கி-யோங் என்னும் ஆசிரியர் 1978-இல் அதனை ஒரு சிறுகதையாக எழுதியமைக்காகப் பிடிக்கப்பட்டுச் சித்திரவதைக்குள்ளானார்.

உயிரோடிருப்பவர் பேசக்கூடாத அக்காலத்தில் அங்கே பேசியவர் யாவர்? இறந்தோரே! 'சிம்பாங்' எனப்படும் சாமியாடிகள், 'குத்' என்னும் சடங்கில், மாண்டவரின் குரலாய் அழுது நடந்ததைச் சொல்லினர், உற்றாரும் உடனழுதனர். சான்று கூறப் பேயன்றி வேறு வழியில்லாத ஒரு காலம் ஒரு நாட்டிற்கு இருந்தது. பின்னர் 2000-ஆம் ஆண்டில் தனிச்சட்டம் பிறந்தது, விசாரணை நடந்தது. 2007 முதல் ஜேஜு விமான நிலையத்து நிலத்தைத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. உல்லாசப் பயணிகள் நாள்தோறும் வந்திறங்கிய நிலத்தின் கீழே அவர்கள் கிடந்தனர். 2008-இல் திறந்த நினைவுச்சாலையில் எழுத்தொன்றும் பொறியாத ஒரு கல் கிடத்தப்பட்டிருக்கிறது. அந்நிகழ்ச்சிக்கு உரிய பெயர் இன்னதென்று முடிவாகும் நாளில் அதனை நிமிர்த்தி எழுத்துப் பொறிக்கலாம் என்பது அதன் கருத்து. 2024-இல் நோபெல் பரிசு பெற்ற ஹான் காங் 2021-இல் வெளியிட்ட நாவலும் ஜேஜுவின் துயரத்தைப் பற்றியதே. அதிகாரி காலந்தாழ்த்தே வந்தார், ஆயினும் வந்தார்.

ஆதலின் மாணவ நண்பர்காள்! பேய் உண்டோ இல்லையோ என்னும் வாதத்தில் நாம் தலையிடவில்லை. புதைத்தது அழிந்ததாகாது என்பது மட்டும் உறுதி. நம்மில் ஒவ்வொருவர்க்கும் சுமியின் கணம் ஒன்று உண்டு. ஏதோ ஒரு கதவின்பின் ஓர் ஓசை எழுந்தது. நாம் அந்நேரத்துச் சினத்தில் முகந்திருப்பிச் சென்றோம். அதனை மறந்துவிட்டோம் என்று நாம் எண்ணுவது மறதியன்று; அலமாரியைப் பூட்டியதேயாம். பூட்டைத் திறப்பது துன்பந்தரும். ஆயினும் உரிய காலத்தில் நாமே திறந்து, 'உன் குறை யாது?' என்று கேட்போமாயின், வந்தது பேயன்று, நம் உடன்பிறப்பே என்பதை அறிவோம். அஞ்சி இறந்த அதிகாரிகள் பலர். இருந்து கேட்டவர் ஒருவரே. அவ்வொருவராய் இருக்க முயல்வோமாக.