தரங்கம்பாடிச் சேகரிப்புகளில் மாணவர் ஆய்வுப் புலமைப்பரிசில் வேண்டி மகஜர்

அனுப்புநர்: ஹ்விடோவ்ரே நகரில் வாழும் தமிழ்ப் பெற்றோரும் மாணவரும் இணைந்து நடத்தும் சங்கத்தின் செயற்குழு

பெறுநர்: இயக்குநர் அவர்கள், டென்மார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், நிர்வாகத்தினர், கோபன்ஹேகன் பல்கலைக்கழகம்

பிரதி: ஹ்விடோவ்ரே நகரசபை

பொருள்: தரங்கம்பாடியிலிருந்து வந்த சேகரிப்புகளை ஆராய மாணவர்களுக்கு ஊதியத்துடன் கூடிய ஆய்வுப் புலமைப்பரிசில்கள் ஏற்படுத்துதல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மையீர்,

பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான உங்கள் அருங்காட்சியகத்தில் ஆண்டுதோறும் ஆறு மாணவர்கள், தலா மூன்று மாதம், சம்பளத்துடன் ஆய்வு செய்ய வழி அமைத்துத் தரும்படி கேட்டு இந்த மகஜரைச் சமர்ப்பிக்கிறோம். ஆறில் இரண்டு இடங்கள் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு உரியவையாக இருக்க வேண்டும். டேனிஷ் மொழிபெயர்ப்பு இத்துடன் உள்ளது. ஆனாலும் மூலத்தைத் தமிழில் எழுதினோம். நாங்கள் பேச வந்திருப்பதே இந்த எழுத்தை வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளைப் பற்றித்தான்.

எங்கள் வீடுகளில் அநேகமாக எல்லோரும் யன்னலோரம் ஒரு தொட்டியில் கறிவேப்பிலை வைத்திருக்கிறோம். பனிக்காலத்தில் இலை கொட்டி வெறும் குச்சியாக நிற்கும். சித்திரை பிறந்ததும் துளிர்க்கும். அந்தச் செடிக்கு 1771இல் தாவரவியலாளர் லின்னேயஸ் சூட்டிய பெயர் பெர்கேரா கோனிகியை. அந்தப் பெயரில் வரும் கோனிக் என்பவர் லின்னேயஸின் மாணவர். 1768இல் தரங்கம்பாடியிலிருந்த கிறிஸ்தவ மிஷனுக்கு மருத்துவராகப் போய்ச் சேர்ந்து, சோழமண்டலக் கரையெங்கும் செடி சேகரித்தவர். அவர் அனுப்பியவற்றில் ஒரு பகுதி கோபன்ஹேகனில், உங்கள் உலர்தாவரகத்தில் இருக்கிறது. ஃப்ரிஹெடன் நிலையத்தில் ஏ ரயில் ஏறி நோர்ரெபோர்ட்டில் இறங்கினால் தாவரவியல் பூங்கா நடைதூரம். வீட்டில் தினமும் தாளிக்கும் இலையின் அறிவியல் பெயருக்குப் பின்னால் இருக்கும் மனிதர் சேகரித்த செடிகள் இவ்வளவு கிட்டத்தில் இருப்பது எங்கள் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. தெரிந்த சிலருக்கும் உள்ளே போக வழி தெரியவில்லை.

டென்மார்க்கில் தமிழர் என்றதும் பலர் நினைவுக்கு வருவது 1993 ஜனவரி. எங்கள் பெற்றோரின் குடும்ப இணைப்பு விண்ணப்பங்கள் சட்டத்துக்கு மாறாக முடக்கி வைக்கப்பட்டதும், அது குறித்த விசாரணையின் முடிவில் பிரதமர் ஷ்லூட்டரின் அரசு பதவி விலகியதும் இந்நாட்டு வரலாற்றில் பதிவானவை. அந்த நேர்மையை நாங்கள் மறக்கவில்லை. ஆனால் நமது உறவு அகதி முகாமில் தொடங்கியதல்ல. 1620இல் டேனிஷ் தளபதி ஓவே கெட்டேயின் கப்பல்கள் முதலில் திருகோணமலையில் கால் பதிக்க முயன்றன. அதே ஆண்டு நவம்பரில் தஞ்சை ரகுநாத நாயக்கருடன் உடன்படிக்கை ஆகித் தரங்கம்பாடியில் நிலைகொண்டன. நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தங்கத் தகட்டில் அனுப்பிய மடல் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 1706இல் நான்காம் பிரெடரிக் அரசர் அனுப்பிய மதபோதகர் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கித் தமிழ் படித்து, அச்சுக்கூடம் நிறுவினார். 1845இல் பன்னிரண்டரை இலட்சம் ரூபாவுக்கு அந்த ஊரும் இந்தியப் பெருநிலத்திலிருந்த ஏனைய டேனிஷ் குடியிருப்புகளும் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டன. கோட்டையும் தெருக்களும் கைமாறிப் போயின. அலமாரிகளில் இருந்த செடிகளும் பூச்சிகளும் இங்கேயே தங்கிவிட்டன.

அவை சாதாரணச் சேகரிப்பு அல்ல. பூச்சியியலின் முன்னோடியான ஃபாப்ரிசியஸ் உலகுக்குப் பெயரிட்டு அறிமுகம் செய்த பல பூச்சிகளின் வாழிடம் அவருடைய லத்தீன் நூல்களில் தரங்கம்பாடி என்றே குறிக்கப்பட்டிருக்கிறது; அவர் கையில் பிடித்துப் பார்த்த மாதிரிகள் பல உங்களிடம் உள்ளன. கழுத்தில் கருவளையம் கொண்ட செந்நிறப் புறா ஒன்று 1804 முதல் தரங்கம்பாடியின் பெயரையே அறிவியல் பெயரில் தாங்கிப் பறக்கிறது. மிஷனைச் சேர்ந்த ரொட்லர் ஒரு கையால் செடி சேகரித்து, மறு கையால் தமிழ் அகராதி தொகுத்தவர். அவரைப் போன்றவர்களுக்குச் செடியைக் காட்டிப் பெயர் சொன்னவர்கள் ஊர் வைத்தியர்கள், தோட்டக்காரர், மீனவர். அவர்கள் பெயர் மாதிரிகளோடு இணைத்த எந்தச் சீட்டிலும் இல்லை. அவர்கள் சொன்ன சொல் மட்டும் சில இடங்களில், ரோமன் எழுத்தில், காதில் விழுந்தபடி எழுதப்பட்டு மிஞ்சியிருக்கிறது.

இந்த இடத்தில்தான் எங்கள் கோரிக்கையின் உயிர் இருக்கிறது. ஆகவே சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். எங்கள் சங்கத்தைச் சேர்ந்த ஒரு மாணவி, உயிரியல் முதுகலை படிப்பவர், ஒரு நிறுவனத்தின் சேகரிப்பில் சம்பளமில்லாமல் மூன்று வாரம் வேலை செய்தார். அது எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை. பழைய சீட்டுகளின் படங்களைப் பார்த்துத் தகவல்களைக் கணினியில் நிரப்புவது வேலை. மங்கிய பழுப்பு மையில், சாய்ந்த எழுத்தில், ஒரு சீட்டில் “கருவேலம்” என்ற சொல் ரோமன் எழுத்தில் இருந்தது. முன்பு பதிந்தவர் அதை ஊர்ப் பெயர் என்று எண்ணி இடத்துக்கான கட்டத்தில் போட்டிருந்தார். மாணவி திரையைப் பார்த்ததும் சிரித்துவிட்டாராம். அவருடைய அம்மம்மா பல் துலக்கிய குச்சியின் பெயர் அது. மரத்தின் பெயரை உரிய கட்டத்துக்கு மாற்றினார். அது முடிய இரண்டு நிமிடம் ஆனது. அந்த இரண்டு நிமிடத்துக்குத் தமிழ் தேவைப்பட்டது.

நான்காம் வாரம் அவர் போகவில்லை. பகலில் விரிவுரை, மாலையில் சூப்பர்மார்க்கெட்டில் காசாளர் வேலை. வாடகை கட்டிவிட்டுச் சம்பளமில்லாத வேலைக்கு நேரம் ஒதுக்க அவரால் முடியவில்லை. மீதிச் சீட்டுகள் அப்படியே கிடக்கின்றன. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளால் மட்டுமே செய்யக்கூடிய ஆய்வாக அருங்காட்சியக ஆய்வு சுருங்கிப்போவதை இந்நாட்டின் சமத்துவ மரபு ஏற்காது என்று உறுதியாக நம்புகிறோம். எங்கள் பெற்றோரில் பலர் ஹ்விடோவ்ரே மருத்துவமனையிலும் ஆவெடோர ஹோல்மத் தொழிற்சாலைகளிலும் முறைமாற்றி வேலை செய்து பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் வரை கொண்டுவந்திருக்கிறார்கள்.

எனவே, முதலாவதாக, இப்புலமைப்பரிசில் அன்பளிப்பாக அன்றிச் சம்பளமாக வழங்கப்பட வேண்டும். மாணவ உதவியாளர்களுக்கான கூட்டு ஒப்பந்தத்தில் உள்ள மணிக்கூலியே போதும். அதற்கு மேல் கேட்கவில்லை. எஸ்.யு. எனும் அரச உதவிப்பணம் பெறும் மாணவருக்கு ஆண்டு வருமான வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் பணத்தைத் திருப்பிக் கட்ட நேரிடும். ஆகையால் மாதக் கொடுப்பனவைப் பிரித்துத் தருவது, குறித்த மாதங்களுக்கு எஸ்.யு.வை நிறுத்திவைப்பது போன்றவற்றில் உங்கள் அலுவலகமே மாணவருக்கு ஆலோசனை தர வேண்டும். விண்ணப்பிக்கும் நாளிலேயே இது தெரிந்திருந்தால் பாதிப் பேர் பயந்து விலகமாட்டார்கள்.

அடுத்து, விளம்பர அறிவிப்பில் தமிழ் வாசிப்புத் திறன் ஒரு தகுதி என்று எழுத்தில் இடம்பெற வேண்டும். லத்தீனும் ஜெர்மனும் பழைய சேகரிப்புகளைப் படிக்க உதவும் மொழிகளாக மதிக்கப்படுகின்றன. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த பொருளைப் படிக்கத் தமிழும் அதே வரிசையில் நிற்க உரியது. தமிழ்ப் பிள்ளைகள் மட்டும்தான் என்று நாங்கள் கேட்கவில்லை. தமிழ் படித்த டேனிஷ் மாணவர் எவர் வந்தாலும் அந்த இடம் அவருக்கும் உரியது. மீதி நான்கு இடங்கள் எல்லோருக்கும் பொது.

மூன்றாவது கோரிக்கை செலவு வைக்கும் என்பதை அறிவோம். ஆண்டுக்கு ஒருவராவது ஆய்வுக் காலத்தில் தரங்கம்பாடிக்குச் சென்றுவர நிதி வேண்டும். தாளில் ஒட்டிய செடி எந்த மண்ணில் முளைத்தது, இன்றும் அங்கே இருக்கிறதா, ஊரார் அதை எப்படி அழைக்கிறார்கள் என்பதை இங்கிருந்தபடி அறிய முடியாது. திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரகம் தமிழ்நாட்டுத் தாவரங்களுக்கு முதன்மையான ஓர் ஆய்விடம். அங்கே பணியாற்றிய கே. எம். மத்யூ அடிகளார் தமிழ்நாட்டுக் கர்நாடகப் பகுதியின் தாவரங்களை விரிவாகத் தொகுத்ததோடு ரொட்லரின் பயணத்தைப் பற்றியும் எழுதியவர். அந்த நிறுவனத்தோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டால் அங்கிருந்து மாணவர்கள் இங்கு வரவும் கதவு திறக்கும். ஜெர்மனியின் ஹாலே நகரில், தரங்கம்பாடி மிஷனின் ஆவணங்களைக் காக்கும் பிராங்கே நிறுவனங்கள், வெளிநாட்டு ஆய்வாளர் தங்கிப் படிக்க உதவித்தொகை அளித்து வருகின்றன. ஊரை ஆண்ட நாடு அதற்குக் குறைந்து நிற்கலாகாது.

சீட்டுகளில் மாணவர் கண்டறியும் திருத்தங்கள் அவர்கள் பெயருடனேயே பதிவேட்டில் ஏற வேண்டும் என்பதும் எங்கள் வேண்டுகோள். உலகெங்குமுள்ள உயிரினச் சேகரிப்புத் தரவுகளை இணைக்கும் ஜிபிஐஎஃப் அமைப்பின் செயலகம் கோபன்ஹேகனிலேயே இருக்கிறது; இங்கே திருத்தப்படும் ஒரு சொல்லைத் தரங்கம்பாடிப் பள்ளி மாணவர் தன் கைபேசியில் பார்க்க முடியும்.

நகரசபையிடம் கேட்பது சிறிது. நூலகத்தில் ஓர் அறையை மாதம் இருமுறை தாருங்கள். இறுதியாண்டு ஆய்வுக்கட்டுரை எழுதும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குப் பழைய கையெழுத்தை வாசிக்க நாங்களே சொல்லிக்கொடுப்போம். பழைய தமிழ் எழுத்தை வாசிக்கக்கூடிய ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் மூவர் எங்களிடம் இருக்கிறார்கள். ஊதியம் கேட்கமாட்டார்கள், தேநீர் கொடுத்தால் மகிழ்வார்கள்.

இவை பற்றி நேரில் பேச எங்கள் பிரதிநிதிகள் ஐவருக்கு, இந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் ஒரு நாள் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். செயற்குழுவில் பலர் காலை முறையில் வேலை செய்பவர்கள்; ஆகவே மாலை நான்கு மணிக்குப் பிற்பட்ட நேரமாக இருந்தால் நல்லது. அந்த மாணவியும் எங்களுடன் வருவார். கருவேலம் என்ற சீட்டின் கையெழுத்துப் படியெடுப்பை அவர் எடுத்துவருவார்.

இங்ஙனம்,
தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் செயற்குழு உறுப்பினர்கள்
ஹ்விடோவ்ரே