சங்கீதம் கேட்டுச் சித்திரம், சித்திரம் பார்த்துப் பாட்டு

மலையைக் கண்ணாற் கண்டிராத யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒன்றிடம் தாளையும் வர்ணப் பென்சில்களையும் கொடுத்து, "விரும்பியதைக் கீறு" என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு மலைகள், நடுவிலே சூரியன், கீழே ஆறு, ஆற்றங்கரையில் ஒரு குடிசை! மாரிக்கு மட்டும் ஓடும் வழுக்கியாற்றைத் தவிர வேறு ஆறறியாத குடாநாட்டிலே இந்த ஆறு எங்கிருந்து வந்தது? பக்கத்துப் பிள்ளையின் கொப்பியிலிருந்தே வந்தது. கவிதை எழுதச் சொன்னாலும் இதே கதைதான். முதலடியில் நிலா வந்தால் இரண்டாம் அடியில் உலா வந்து நிற்கும். பிள்ளைகளைக் குறை கூறுவதற்கில்லை. வெறுந்தாளை மட்டும் கொடுத்தால், கைக்குப் பழகியதே அதில் விழும்.

இதற்கு நல்ல மருந்து சங்கீதம் என்பது நமது கருத்து. ஏனெனில், ஓசையைப் பார்த்துக் கொப்பியடிக்க முடியாது.

புல்லாங்குழலிலோ வயலினிலோ வாசித்த ஓர் இராகத்தை மூன்று நிமிடம் ஒலிக்கச் செய்யுங்கள். பாடல் வேண்டாம், சொல் காதில் விழுந்தால் பிள்ளை சொல்லையே வரைந்துவிடும். இராகத்தின் பெயரையும் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். தாலாட்டுக்குரியதென்று பெயர்பெற்ற நீலாம்பரி என்று சொல்லிவிட்டால், வகுப்பு முழுவதும் தொட்டில் ஆடும்! முதன்முறை கண்ணை மூடிக் கேட்கட்டும். இரண்டாம் முறை கோடுகளும் வர்ணங்களும் மட்டும் தாளில் ஓடட்டும். வீடு, மரம், பூ எதுவும் வேண்டாம்.

அதன் பின்னரே சொல் வரவேண்டும். கறுத்த கோடொன்று சுருண்டு சுருண்டு கீழிறங்கித் தாளின் மூலையில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். "இது என்ன, பிள்ளை?" என்று கேட்டால், "கிணற்றுக்குள்ளே போகிற வாளி" என்று விடை வரக்கூடும். இன்னும் சற்றுப் பொறுத்திருந்தால், "வாளி இருட்டுக்குள்ளே போகிறது, கயிறு மட்டும் என் கையிலே" என்று இரண்டு வரி பிறக்கலாம். கவிதை அவ்வளவே. எதுகை சேர்க்கவும், "நீரைச் சேமிப்போம்" என்று ஒரு நீதி ஒட்டவும் ஆசிரியரின் கை துறுதுறுக்கும். அந்தக் கையைக் கட்டிக்கொள்வதுதான் இப்பாடத்தில் மிகக் கடினமான பகுதி.

இது நேற்று முளைத்த புதுமையன்று. 16ஆம் நூற்றாண்டு முதல் 19ஆம் நூற்றாண்டு வரை இராஜஸ்தானத்திலும் தக்காணத்திலும் இராகமாலைச் சித்திரங்கள் தீட்டப்பட்டன. இராகத்திற்கு ஒன்றாகப் பெரும்பாலும் 36 படங்கள். பலவற்றின் தலைப்பிலே அந்த இராகத்தை வருணிக்கும் செய்யுளும் எழுதப்பட்டிருக்கும். வட இந்தியத் தோடிக்குரிய படத்திலே வீணையேந்திய பெண்ணைச் சுற்றி மான்கள் மயங்கி நிற்பதைக் காணலாம்.

எழுதிய வரிகளைப் பாடவும் வேண்டும். இதற்கு மோகனம் மிகவும் உகந்தது. ச, ரி, க, ப, த என ஐந்தே சுரங்கள். சிறுவர் எப்படிக் கோத்தாலும் காதை உறுத்துவது அரிது. ஜெர்மானிய இசையறிஞர் கார்ல் ஓர்ஃப், குனில்ட் கீட்மனுடன் சேர்ந்து 1950 முதல் 1954 வரை 5 தொகுதிகளாக வெளியிட்ட சிறுவர் இசைநூல்களிலும் ஐந்து சுரங்களுக்கே முதலிடம் கொடுத்தார்.

ஆரம்ப வகுப்பிலேயே இதைச் செய்யவேண்டும் என்று நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 6ஆம் வகுப்பிற்கு வந்ததும் சித்திரம், சங்கீதம், நடனம், நாடகம் ஆகியவற்றுள் ஒன்றைத் தெரிவு செய்யும் முறை நமது பாடசாலைகளிலே நெடுங்காலமாக உண்டு. சித்திரம் எடுத்த பிள்ளைக்குச் சங்கீத அறையின் வாசல் அன்றோடு அடைபடுகிறது. "உனக்குக் குரல் இல்லை" என்று ஒருமுறை சொல்லப்பட்ட பிள்ளையோ அந்தப் பக்கம் திரும்பியும் பாராது. அதற்கு முன்னுள்ள ஆண்டுகளிலும் புலமைப்பரிசில் பரீட்சை வந்து குறுக்கே நிற்கிறது. வினாத்தாள் செய்வதற்கென்று சித்திரப் பாடவேளையைக் கடன் வாங்குகிறார்கள். அந்தக் கடன் திருப்பிக் கொடுக்கப்பட்டதாக நாம் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

பாடசாலையில் இடமில்லையென்றால், பெற்றோர் வீட்டிலே ஒரு ஞாயிறு மாலையை இதற்கு ஒதுக்கலாம். கைப்பேசியில் இராகம் ஒலிக்கட்டும். தாயும் தந்தையும் ஆளுக்கொரு தாளுடன் பிள்ளைக்குப் பக்கத்திலே அமர்ந்து கீறவேண்டும். மேற்பார்வை செய்யக் கூடாது. யாருடைய படம் நன்றாயிருக்கிறதென்று கேட்கவும் கூடாது. முடிந்ததும் தாளின் பின்புறத்தில் தேதியையும் இராகத்தின் பெயரையும் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே இராகத்தை மீண்டும் கேட்கச் செய்து, புதிய தாளொன்றைக் கொடுத்துப் பார்க்கலாம்.