பக்கத்து நிறம்

2026ஆம் ஆண்டின் நிறமாக ஒருவகை வெள்ளையை அறிவித்திருக்கிறது பான்டோன் நிறுவனம். 2025க்குக் காப்பிப் பழுப்பு. நம் வீட்டுச் சுவர்களோ பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் நடுவில் சந்தனம், ஐவரி, கிரீம், பிஸ்கட் கலர் என்று நிற்கின்றன. கட்டைவிரல் அகலக் கட்டங்கள் கொண்ட ஷேட் கார்டைக் கடை விளக்கில் விரித்து, அண்ணன் தம்பிபோல் இருக்கும் இரண்டைக் காட்டி ‘இதுவா, அதுவா’ என்று கேட்கும் வழக்கத்தின் மேல் எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை.

இந்தக் கோபத்துக்கு நியாயம் தருபவர் மிஷெல் யூஜின் ஷெவ்ரல். 1824இல் பாரிஸின் கோபலின் நெசவாலையில் சாயப் பிரிவின் பொறுப்பேற்ற வேதியியலாளர். நீல, ஊதா ஆடைமடிப்புகளுக்கு நிழல் காட்டப் பயன்படும் கறுப்பு நூலில் அழுத்தம் போதவில்லை என்று அவரிடம் புகார் வந்தது. வேறு பட்டறைகளின் கறுப்பு நூல்களோடு ஒப்பிட்டார். சாயத்தில் குறையே இல்லை. பக்கத்திலிருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பைக் கெடுத்துக் காட்டின. ஒட்டி நிற்கும் நிறங்கள் ஒன்றையொன்று தம் எதிர்நிறத்தின் பக்கம் தள்ளும் என்பதை 1839இல் பெரும் நூலாகவே எழுதினார். இந்தத் தள்ளலுக்கு எளிதில் வளைந்து கொடுப்பவை வெளிறிய நிறங்கள். அதே ஐவரி பச்சைத் திரைக்கு அருகில் இளஞ்சிவப்பாகச் சாயும். செம்மை ஓடிய தேக்கு நிலைக்கு அருகில் சாம்பல் தட்டும். ஆகவே தனியாக வைத்து ஒரு சந்தன நிறத்தைத் தேர்வதில் பொருளே இல்லை.

இத்தனை சிறு வேறுபாடு யார் கண்ணில் படும், நாலு நாளில் பழகிவிடாதா என்பார்கள். விளக்கொளியின் மஞ்சளுக்கும் நீலத்துக்கும் கண் பழகும், உண்மைதான். ஆனால் சுவருக்கும் அதைத் தொட்டு நிற்கும் நிலைக்கும் இடையே உள்ள முரண் பழகியும் போகாது. போதாததற்கு, எதிரெதிர்ச் சுவர்கள் ஒளியை ஒன்றின்மேல் ஒன்று வீசுவதால், அட்டையில் மெல்லிய மஞ்சளாக இருந்தது அறை முழுக்க அடித்ததும் அடர்ந்துவிடும். பகலில் ஒன்றாகத் தெரியும் இரு ஷேடுகள் 6,500 கெல்வின் டியூப் லைட்டில் பிரிந்து நிற்பதும் உண்டு.

சாம்பிளுக்கு வேறு செலவா என்று பெயின்டர் தயங்கலாம். அறைக்கே மறுபடி அடிக்கும் கூலிக்கு முன் அது பெரிதல்ல. சார்ட் பேப்பரில் இரண்டு கோட் அடித்துக் காயவிட்டு, நிலையை ஒட்டியும் தரையை ஒட்டியும் நிமிர்த்தி வைத்து, காலையிலும் விளக்கு போட்ட பிறகும் பாருங்கள். தரை, மரம், விளக்கு மூன்றும் முடிவான பிறகே பெயின்ட் கடைக்குப் போகவேண்டும். பெயின்டை எந்த ஷேடிலும் கலந்து தருவார்கள். பதித்த டைல்ஸை யாராலும் மாற்றிக் கலக்க முடியாது.