போகிறவன் போயே தீருவானா?

போன வாரம் அலுவலகம் விடும் நேரத்தில் மெட்ரோ ரயில் இரண்டு நிலையங்களுக்கு நடுவில் நின்றுபோனது. முன்னால் ஒரு நிலையத்தில் யாரோ தண்டவாளத்தில் விழுந்துவிட்டதாகப் பெட்டிக்குள் பேச்சு பரவியது. என் பக்கத்தில் நின்றிருந்தவர், கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது, கடிகாரத்தைப் பார்த்துச் சலித்துக்கொண்டார்: "ஜிஸ்கோ மர்னா ஹை, வோ தோ மரேகா ஹி." சாக நினைத்தவன் செத்தே தீருவானாம். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். இரவு ஊருக்குப் பேசியபோது அத்தானிடம் இதைச் சொன்னேன். அவரும் அதையேதான் சொன்னார்: "முடிவு பண்ணிட்டவன யாரு தடுக்க முடியும் மச்சான்? இங்க இல்லேன்னா இன்னொரு எடம்."

தில்லிக்கும் தஞ்சாவூருக்கும் நடுவே மொழி மாறுகிறது, சோறு மாறுகிறது, சாமி மாறுகிறது. இந்தப் பொய் மட்டும் மாறாமல் போய்ச் சேர்ந்திருக்கிறது. படித்தவர், படிக்காதவர், போலீஸ்காரர், புரொபசர் எல்லோர் வாயிலும் இதுதான். கேட்பதற்குத் தத்துவம் போல இருக்கும். உண்மையில் இது கை கழுவும் வேலை. தடுக்கவே முடியாது என்று சொல்லிவிட்டால் தடுக்காமல் விட்ட குற்றம் யார் மேலும் வராது அல்லவா?

இவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். இலங்கையில் என்ன நடந்தது?

1995இல் இலங்கையில் லட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். உலகத்திலேயே மிக மோசமான கணக்குகளில் ஒன்று. அந்த ஆண்டு அரசு கொடிய பூச்சிக்கொல்லிகள் சிலவற்றைச் சந்தையிலிருந்து எடுத்தது. 1998இல் எண்டோசல்ஃபான் போனது. 2008 முதல் 2011 வரை இன்னும் மூன்று போயின. 1995இலிருந்து பத்தே ஆண்டில் கணக்கு பாதியாயிற்று. பிறகும் இறங்கிக்கொண்டே போய், மொத்தத்தில் 70 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. அந்த ஆண்டுகளில் இலங்கை சொர்க்கமாகவா இருந்தது? போர் நடந்தது. சுனாமி வந்தது. லட்சக்கணக்கானவர்கள் வீடிழந்தார்கள். துக்கம் குறையவில்லை, கடன் குறையவில்லை, குடும்பச் சண்டை குறையவில்லை. நஞ்சருந்தி ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களின் எண்ணிக்கைகூடக் குறையவில்லை. ஆனால் வந்தவர்கள் பிழைத்து வீட்டுக்குப் போனார்கள். 1995க்கும் 2015க்கும் இடையில் இப்படிக் காப்பாற்றப்பட்டவர்கள் சுமார் 93,000 பேர் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். "இங்க இல்லேன்னா இன்னொரு எடம்" என்பது உண்மையானால் இந்த 93,000 பேரும் இன்னொரு இடம் தேடிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. அவர்களில் எத்தனையோ பேர் இன்று பேரன் பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வருகிறார்கள்.

முடிவு, முடிவு என்கிறார்களே, அந்த முடிவுக்கு என்ன வயது? இலங்கையின் கிராமங்களில் நஞ்சருந்திப் பிழைத்தவர்களிடம் ஆய்வாளர்கள் உட்கார்ந்து கேட்டார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் யோசித்தது அரை மணி நேரம்கூட இல்லை. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் சாவின் விளிம்புவரை போய்த் திரும்பிய இளைஞர்களைக் கேட்டார்கள். ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு எண்ணத்துக்கும் செயலுக்கும் நடுவே ஐந்து நிமிடம்கூட இல்லை. கரோல் பாக்கில் ஒரு புடவை எடுக்க நமக்கு இதைவிட நேரமாகிறது. இதற்குப் பெயர் முடிவா? இது ஒரு புயல். வரும், கடக்கும். கடக்கும்வரை பிடித்து வைத்துக்கொள்ள ஒரு கை வேண்டும், ஒரு கதவு வேண்டும். கலிஃபோர்னியாவில் ரிச்சர்ட் சைடன் என்பவர், கோல்டன் கேட் பாலத்தில் தடுத்து நிறுத்தப்பட்ட 515 பேர் பின்னாளில் என்ன ஆனார்கள் என்று தேடிப் போனார். 1978இல் எழுதினார்: 94 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், அல்லது இயல்பாக இறந்திருந்தார்கள். இன்னொரு பாலத்தை யாரும் தேடவில்லை என்பதல்ல. தேடியவர்கள் வெகு சிலர்.

இதே தில்லியில் வண்டி நிறுத்தும் இடத்துக்காகக் கொலை விழுகிறது. பக்கவாட்டில் கார் உரசியதற்காகக் கத்தி எடுக்கிறார்கள். அப்போது மட்டும் எல்லோரும் மனோதத்துவ நிபுணர் ஆகிவிடுகிறார்கள்: "ஒரு நிமிஷ ஆத்திரம், புத்தி கெட்டுப்போச்சு." சட்டமே அதை ஏற்கிறது. திடீரென்று கடுமையாகத் தூண்டப்பட்டவன் செய்த கொலையை முழுக் கொலையாக எண்ணாதே என்று 1860ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்திலேயே விலக்கு வைத்தார்கள். அடுத்தவனைக் கொன்றவனுக்கு ஒரு நிமிட ஆத்திரம் உண்டு. தன்னையே கொல்லப் பார்த்தவனுக்குக் கிடையாது. அவன் தீர யோசித்து முடிவெடுத்த ஞானி! அதே சட்டத்தின் 309ஆம் பிரிவு பிழைத்து வந்தவனுக்கு ஓராண்டு வரை சிறை என்று மிரட்டியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் பெண்ணிடம் போலீஸ் வாக்குமூலம் கேட்டது. 2017இல் மனநலச் சட்டம் வந்து அதன் பல்லைப் பிடுங்கியது. 2024 ஜூலையில் புதிய சட்டம் வந்தபோதுதான் அந்தப் பிரிவு ஒழிந்தது. 164 ஆண்டுகள்!

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று நம் பாட்டிகள் சொன்னது பிறரை அடிக்கிற கைக்கு மட்டுமா? 1976இல் ஸ்டாக்ஹோமில் மேரி ஆஸ்பெர்க் என்ற மருத்துவர், மனச்சோர்வு நோயாளிகளின் தண்டுவட நீரில் செரட்டோனின் சிதைந்து உண்டாகும் ஒரு பொருளை அளந்தார். அது குறைவாக இருந்தவர்கள்தான் தற்கொலைக்கு அதிகம் முயன்றிருந்தார்கள், அதுவும் வன்முறையான வழிகளில். மூன்று ஆண்டு கழித்து அமெரிக்காவில் ஜெரால்ட் பிரவுனும் பிரெடரிக் குட்வினும் ராணுவத்தில் இருந்த முரட்டு இளைஞர்களை அளந்தார்கள். சண்டை சச்சரவு எவ்வளவு அதிகமோ அவ்வளவு குறைவாக இருந்தது அதே பொருள். வெளியே பாயும் ஆத்திரமும் உள்ளே பாயும் ஆத்திரமும் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று அரை நூற்றாண்டாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நம் வீட்டில் இன்னும் "அவன் கோபக்காரன், ஆனா தங்கமான பையன்" என்று பெருமை பேசுகிறோம். அந்தத் தங்கத்தைச் சற்றுக் கவனியுங்கள் ஐயா.

இதில் எண்ணெய் ஊற்றுவது சாராயம். உந்துதலுக்குக் கடிவாளம் போடுகிற மூளையை முதலில் மயக்குவது அதுதான். 2003 முதல் தமிழ்நாட்டில் அரசே கடை வைத்து விற்கிறது. தில்லியில் தேக்கா என்கிற மதுக்கடைகளின் வாசலில் நெரிசல். கஜானா நிரம்பியதைக் கணக்குப் போடுகிறவர்கள், போதையில் போன உயிர்களையும் அதே பட்ஜெட் புத்தகத்தில் அச்சிடட்டும். தொலைக்காட்சிகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 2020 ஜூனில் ஒரு இந்தி நடிகர் இறந்தபோது மாதக்கணக்கில் கூச்சல் போட்டார்களே, அதைப் பார்த்துக்கொண்டிருந்த வீடுகளில் உள்ளுக்குள் நொந்துகொண்டிருந்த எத்தனை பிள்ளைகள் இருந்தார்கள் என்று ஒரு தொகுப்பாளராவது நினைத்தாரா?

தில்லிக்கு வருவோம். ராஜீவ் சௌக் நிலையத்தின் மஞ்சள் வழித்தடத்தில் மேடை ஓரமாக மார்பளவு உயரத்துக்குக் கண்ணாடியும் எஃகுமாகக் கதவுகள். ரயில் வந்து நின்றால்தான் திறக்கும். பிங்க், மெஜந்தா வழித்தடங்களிலும் கதவு உண்டு. பழைய வழித்தடங்களின் பெரும்பாலான மேடைகளில் மஞ்சள் கோடும் காவலரின் விசிலும்தான். ஹாங்காங்கில் கதவு வைத்த வழித்தடங்களில் இத்தகைய சாவுகள் பெருமளவு குறைந்தன. கதவில்லாத பக்கத்துத் தடத்துக்கு யாரும் கூட்டமாக நகர்ந்துவிடவில்லை. கதவுக்குச் செலவாகும் என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். "சாகிறவன் சாவான்" என்று செலவை மறைக்காதீர்கள். நள்ளிரவில் தவிப்பவர்களுக்கு 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது, தமிழிலும் பேசுகிறார்கள். அந்த எண்ணை ஒவ்வொரு மேடைத் தூணிலும் பெரிதாக எழுதக் கோடிகள் வேண்டாம்.

2022இல் இந்தியாவில் தற்கொலையால் போனவர்கள் 1,70,924 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 19,834. மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு. ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு நஞ்சால் போனது. தமிழ்நாடு அரசு ஒருமுறை ஆறு பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தது. எத்தனை நாளுக்கு? 60 நாளுக்கு. 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி மாநிலத்துக்கு அவ்வளவுதான் அதிகாரம். மேலும் 30 நாள் நீட்டலாம். அப்புறம் கடைக்காரர் பழைய டப்பாவைத் தட்டிலிருந்து இறக்கி விற்கலாம். நிரந்தரமாக நிறுத்தும் அதிகாரம் தில்லியில், மத்திய வேளாண் அமைச்சகத்தின் கிருஷி பவனில் இருக்கிறது.

பூட்டி வைத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அதையும் இலங்கையில் 180 கிராமங்களை எடுத்து, அவற்றில் பாதிக் கிராமங்களின் விவசாய வீடுகளுக்குப் பூட்டுப் பெட்டி கொடுத்துப் பார்த்துவிட்டார்கள். 2017இல் முடிவு வெளிவந்தது: பலனில்லை. கடையிலிருந்தே எடுத்தபோதுதான் பலன் கிடைத்தது. விளைச்சல் படுத்துவிடும் என்று இங்கே உர, மருந்துக் கம்பெனிகள் பயமுறுத்துகின்றன. தடைக்குப் பிறகு இலங்கையில் நெல் விளைச்சல் விழவில்லை. இதற்குமேல் என்ன சான்று வேண்டும்?

2020 மே மாதம் இதே கிருஷி பவன் 27 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்யப்போவதாக வரைவு அறிவிப்பு வெளியிட்டது. 2023இல் தடையானவை விரல் விட்டு எண்ணக்கூடியவை. மீதிப் பெயர்கள் ஏன் தப்பின, யார் கேட்டதால் தப்பின என்பதை அமைச்சகம் சொல்ல வேண்டும்.